ஃபேன் கத்தலை, பேசுது

ராத்திரி பத்தரைக்கு மேல் எந்த ஹாஸ்டல் வராண்டாவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்க. கதவு மூடியிருந்தாலும் எந்த ரூமில் கேம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். சீலிங் ஃபேன் சத்தத்துக்கு மேலே இன்னொரு ஃபேன் சத்தம் கேட்கும். ஒரு ரூமில் மிக்ஸியில் சட்னி அரைப்பது மாதிரி, அடுத்த ரூமில் ஏரோபிளேன் கிளம்புவது மாதிரி.

இந்தச் சத்தத்தை வைத்து நம்மிடம் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி பயப்படும். "மச்சி, 92 டிகிரி காட்டுதுடா, வெடிச்சிடுமா?" இன்னொரு கட்சி கண்டுக்கவே கண்டுக்காது. "ஹெட்செட்டை மாட்டு, சவுண்டை ஏத்து, அவ்ளோதான்." முதல் கட்சி உடனே கூலிங் பேட் ஆர்டர் போடக் கிளம்பும். இரண்டாவது கட்சி மூன்றாம் வருஷத்தில், புது லேப்டாப் வேணும்னு வீட்டில் எப்படிக் கேட்பது என்று உட்கார்ந்து யோசிக்கும்.

இரண்டு கட்சிக்கும் சேர்த்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தச் சூட்டில் ஒரு பெரிய பங்கு, நாமே தேவையில்லாமல் கேட்டு வாங்குவது. அதைக் கேட்காமல் இருப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிறோம். அதுவும் யாரு? ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதி பாஸ் பண்ண நாம!

சூடு எங்கிருந்து வருது?

அடிப்படையிலிருந்து வருவோம். கேம் ஆடும்போது உங்க லேப்டாப் 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 150 வாட்டும் கிட்டத்தட்ட முழுசாகச் சூடாகத்தான் வெளியே வரும். பாதி மின்சாரம் பிக்சலாக மாறிவிட்டது என்றெல்லாம் கணக்கு கிடையாது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கா? எரியும்போது கை வைக்க முடியாது. அப்படி ஒன்றரை பல்பை, ஒரு ரெக்கார்ட் நோட்டு அளவு பெட்டிக்குள் எரிய விட்ட மாதிரிதான் இது.

சிப்பின் மேலே தெர்மல் பேஸ்ட், அதன் மேலே செப்புத் தகடு, அதிலிருந்து ஹீட் பைப். ஹீட் பைப் வெறும் செப்புக் கம்பி கிடையாது. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீர், அடைத்திருப்பார்கள். சிப் பக்கம் அது ஆவியாகும். ஃபேன் பக்கம் குளிர்ந்து திரும்பத் திரவமாகும். உள்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியே தானாகவே சிப்புக்குத் திரும்பி வரும். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய சங்கதி இது. விண்கலத்துக்காக யோசித்தது இன்றைக்கு நம்ம மடியில் இருக்கிறது. ஆனால் ஹீட் பைப் சூட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கடத்த மட்டும்தான் செய்யும். வெளியே தள்ளுவது ஃபேன் வேலை.

இப்போது கணக்கு. சிப்பின் வெப்பநிலை என்பது, ரூமின் வெப்பநிலையோடு, வாட்டையும் தெர்மல் ரெசிஸ்டன்ஸையும் பெருக்கி வருவதைக் கூட்டினால் கிடைப்பது. உதாரணத்துக்கு 100 வாட், ஒரு வாட்டுக்கு 0.6 டிகிரி என்று எடுங்க. 60 டிகிரி ஏறும். ஏ.சி. ரூமில் 25 டிகிரி என்றால் சிப் 85. மே மாசத்தில் நம்ம மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூமில் 38 டிகிரி என்றால் சிப் 98. அதே லேப்டாப், அதே கேம், அதே ஃபேன் வேகம்.

இதனால்தான் ரிவ்யூ வீடியோவில் 85 காட்டிய மாடல் உங்க ரூமில் 97 காட்டுகிறது. "எனக்கு வந்த பீஸ் டிஃபெக்ட் போல" என்று அலறுவதற்கு முன்னால் ரிவ்யூ பண்ணினவர் ரூமில் ஏ.சி. ஓடியதா என்று யோசிங்க.

சரி, 95 டிகிரி ஆபத்தா?

வெடிக்காது. இன்டெல் 12-ஆம் தலைமுறை எச் வரிசை ப்ராசஸர்களுக்கு உச்ச வரம்பே 100 டிகிரி. அந்த இடத்தைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் தெர்மல் த்ராட்டிலிங் என்கிறோம். அதனால் பயப்படுகிற கட்சிக்கு ஒரு ஆறுதல்: சிப் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அதன் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் கதி வேறு. லித்தியம் பேட்டரிக்குச் சூடும் பிடிக்காது, எப்போதும் முழு சார்ஜில் இருப்பதும் பிடிக்காது. சார்ஜரில் சொருகியே வைத்துத் தினமும் நாலு மணி நேரம் கேம் ஆடினால் இரண்டுமே ஒன்றாக நடக்கிறது. டச்பேட் மேலே எம்பி நிற்கிறதா? கிளிக் ஆக மாட்டேங்குதா? கீழே பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே உபயோகத்தை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்க. அதை அமுக்கிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். தெர்மல் பேஸ்ட், திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கும், காயும். ஃபேனின் பேரிங் தேயும். எல்லாம் ஒரே நாளில் நடக்காது. முதல் வருஷம் வாங்கினது மூன்றாம் வருஷம் காட்டும்.

அந்தக் கணக்கைத்தான் நாம் போடுவதில்லை. கல்விக் கடனோ, அம்மா சீட்டு போட்டுச் சேர்த்ததோ, எப்படி வந்த காசாக இருந்தாலும் இந்த மெஷின் எட்டு செமஸ்டர் ஓடியாகணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இதில்தான் ஓடணும். பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட்டை இதில்தான் எழுதணும். டெஸ்ட் நடுவில் கேமரா, பிரௌசர், கம்பைலர் எல்லாம் ஓடும்போது தூசி அடைத்த லேப்டாப் திணறினால், அன்றைக்கு "என் எஃப்பிஎஸ் 140 தெரியுமா" என்று சொல்லி இன்டர்வியூவுக்குப் போக முடியாது.

நாம் கேட்காத ஃபிரேம்

2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. போர் நடக்கும்போது சரியாக இருந்த கம்ப்யூட்டர்கள், சும்மா மெனு ஸ்கிரீனில் நிற்கும்போது கொதித்தன. காரணம் எளிது. மெனுவில் வரைவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் கிராஃபிக்ஸ் கார்டு ஒரே படத்தை முடிந்தவரை வேகமாகத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. கேமைச் செய்த பிளிஸார்டு கொடுத்த மருந்து, செட்டிங்ஸ் ஃபைலில் இரண்டே இரண்டு வரி: மெனுவில் 30 ஃபிரேம், ஆட்டத்தில் 60 ஃபிரேம் என்று வரம்பு.

பதினோரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில், அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் பீட்டாவில் இதே கதை கொஞ்சம் பெரிசாக நடந்தது. சிலருடைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. கார்டு செய்த நிறுவனம் ஒரு தொகுதியில் இருந்த சாலிடரிங் குறைதான் காரணம் என்று பிறகு சொன்னது. ஆனாலும் கேம் தரப்பில் முதலில் செய்தது என்ன? மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு.

இப்போது உங்க லேப்டாப்புக்கு வாங்க. ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 144 தடவைக்கு மேல் அதால் படத்தை மாற்ற முடியாது. கேம் 220 ஃபிரேம் தள்ளுகிறது. மீதி 76? முழுசாக உங்க கண்ணுக்கு வராது. ஆனால் அதற்கான மின்சாரம் செலவாகிவிட்டது, சூடு வந்துவிட்டது, ஃபேன் கத்திவிட்டது. மேட்ச் கிடைக்கக் காத்திருக்கும் லாபியில், கேரக்டர் சும்மா நின்று மூச்சு விடுவதற்கு 200 ஃபிரேம் எதற்கு, சொல்லுங்க?

அதனால் முதல் வேலை இது. கேமின் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட் லிமிட் இருக்கிறதா பாருங்க. வேலரண்ட் மாதிரி கேம்களில் மெனுவுக்குத் தனி, பேட்டரியில் ஓடும்போது தனி என்றுகூட இருக்கிறது. இல்லை என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃபிரேம் ரேட்' என்று ஒன்று இருக்கும். ஏஎம்டி மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. கதை சொல்கிற கேமுக்கு 60 போதும். ஓட்டம், ரேஸ் என்றால் 75, 90. அவ்வளவுதான் வேலை.

இதில் நமக்கு இன்னொரு லாபம். ஃபேன் சத்தம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் குறையாது. அதைவிட வேகமாகக் குறையும். ஃபேன் விதிகள் என்று படித்திருப்போம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபல் இறங்கும். பாதியாகக் குறைத்தால் 15 டெசிபல். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும். அதாவது சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் சத்தம் நிறையவே குறையும். விலை இல்லாமல் இப்படி ஒரு டிஸ்கவுன்ட் வேறெங்கே கிடைக்கும்?

"காசு குடுத்து 144 ஹெர்ட்ஸ் வாங்கியிருக்கேன் பாஸ்"

இந்தக் கேள்வி நியாயமானது. போட்டி போடும் ஷூட்டர் கேமில், ரேங்க் மேட்ச்சில், ஃபிரேம் அதிகமாக இருந்தால் பலன் உண்டு. 60 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிசெகண்ட், 144-ல் 6.9 மில்லிசெகண்ட். எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும்போது அந்த வித்தியாசம் முக்கியம்தான். அங்கே தாராளமாகத் திறந்து விடுங்க. ஆனால் விளையாடுகிற எல்லா நேரமும் ரேங்க் மேட்ச் கிடையாது. மலையில் குதிரை ஓட்டிக்கொண்டு சூரிய அஸ்தமனம் பார்ப்பதற்கும் அதே செட்டிங்கா?

இன்னொன்றும் யோசிங்க. வரம்பே இல்லாமல் விட்டால் முதல் பத்து நிமிஷம் 110 வரும். லேப்டாப் சூடானதும் த்ராட்டில் ஆகி 55-க்கு விழும், கொஞ்சம் ஆறி 90-க்கு ஏறும், மறுபடி விழும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் "கேம் லேக் ஆகுது" என்கிறோம். 75-ல் கட்டி வைத்தால் இரண்டு மணி நேரமும் 75 நிற்கும். ஆடிப் பார்த்துவிட்டு எது நல்லா இருக்கு என்று நீங்களே சொல்லுங்க.

இன்னும் இரண்டு இலவச வைத்தியம்

ஒன்று, டர்போ பூஸ்ட். ஐ7-12700எச் ப்ராசஸரின் அடிப்படை சக்தி 45 வாட். டர்போவில் 115 வாட் வரை போகும். இரண்டரை மடங்குக்கும் மேல். பெரிய கேம்களில் பாரம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கம்தான். ப்ராசஸர் இவ்வளவு குதிக்கத் தேவையே இருக்காது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான மெஷின்களில் டர்போ நின்றுவிடும். பத்து டிகிரிக்கு மேல் இறங்குவது சாதாரணம். ப்ராசஸரை நம்பி ஓடும் கேம்களில் ஃபிரேம் குறையும், அங்கே திருப்பி மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆப்ஷனே சில லேப்டாப்களில் மறைந்திருக்கும். அப்போது கம்பெனி ஆப்பில் 'டர்போ', 'பெர்ஃபார்மன்ஸ்' மோடை விட்டு 'பேலன்ஸ்டு'க்கு வாங்க.

இரண்டு, அண்டர்வோல்ட். சிப் செலவழிக்கும் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் படித்ததுதான். அதே வேகத்தில் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால், 0.9-ன் வர்க்கம் 0.81, அந்தச் செலவில் 19 சதவீதம் மிச்சம். ப்ராசஸரில் இதைச் செய்ய முன்பு எளிதாக இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபின் நிறைய லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் மூலம் பூட்டிவிட்டார்கள். என்விடியா ஜிபியுவில் ஆஃப்டர்பர்னர் மாதிரி டூல் வைத்து இன்னமும் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைங்க. கேம் கிராஷ் ஆனால் ஒரு படி மேலே ஏறிக்கோங்க.

கூலிங் பேட் வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. லேப்டாப்பின் பின்பக்கம் இரண்டு தண்ணி பாட்டில் மூடியைக் கீழே வைத்துத் தூக்கினாலே கீழ்ப்பக்க துவாரத்துக்குக் காற்று வரும். இதற்கு நேர் எதிரானது மெத்தை மேல் வைத்து ஆடுவது. காற்று உறிஞ்சும் வாயை மெத்தையை வைத்து அடைத்துவிட்டு, "கூலிங்கே சரியில்ல, மொக்க கம்பெனி" என்று திட்டினால் அது எப்படி நியாயம்?

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை

லேப்டாப் வாங்கப் போகும்போது ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரை மட்டும் பார்க்காதீங்க. அந்த ஒரே பெயரில் வரும் லேப்டாப் ஜிபியு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பெயர் ஒன்று, வேகம் வேறு, சூடு வேறு. கடைக்காரரிடம் "எத்தனை வாட் கார்டு?" என்று கேளுங்க. தெரியலைன்னு சொன்னால் கம்பெனி தளத்தில் உள்ள ஸ்பெக் ஷீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ரொம்ப மெல்லிசான உடம்பில் ரொம்பப் பெரிய வாட் இருந்தால், மிச்சத்தை ஃபேன்தான் சமாளிக்கணும். ஒரு சென்டிமீட்டர் தடிமன் கூட இருந்தால் காலேஜ் பேக் கிழிந்துவிடாது.

ஒரு கோரிக்கை, அதுவும் சேர்ந்து

மேலே சொன்னதெல்லாம் தனி ஆள் செய்வது. தூசி மட்டும் தனி ஆள் விஷயம் கிடையாது. தலையணைப் பஞ்சு, கட்டடத் தூசி, தலைமுடி எல்லாம் சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு முன்னால் கம்பளி மாதிரி ஒரு போர்வை போட்டுவிடும். அதற்கப்புறம் எந்த செட்டிங்கும் உதவாது. சுத்தம் செய்யப் பெரிய வித்தை வேண்டாம்: சரியான ஸ்க்ரூடிரைவர், ஒரு பிளோயர், ஒரு பிரஷ். ஆனால் ஆளுக்கு ஒன்று வாங்க முடியாது. முதல் தடவை திறக்கும்போது கை நடுங்கும்.

அதனால் நம்ம டிபார்ட்மென்ட் அசோசியேஷன்கள் செமஸ்டருக்கு ஒரு தடவை 'லேப்டாப் சுத்தம் செய்யும் நாள்' வைக்கலாம். டெக் ஃபெஸ்ட்டுக்கு எத்தனை லட்சம் வசூல் பண்றோம்! அதில் ஒரு துளி போதும். மெக்கானிக்கல் பசங்க ஹீட்சிங்க் பார்க்கட்டும், ஈசிஈ பசங்க பேட்டரி கனெக்டரைக் கழற்றக் கற்றுக்கொடுக்கட்டும். கழற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது, காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளணும், இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றிக் கெட்டுப்போகும் — இந்த மாதிரி சின்ன விஷயங்களை யாராவது ஒரு தடவை காட்டினால் போதும். வாரண்டி இருக்கும்போது திறக்கலாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாரண்டி தாளைப் படித்துவிட்டு வரச் சொல்லலாம். லேபில் எழுதும் பத்து ரெக்கார்டை விட இந்த ஒரு மத்தியானம் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கடைசியாக, ஹெட்செட் கட்சிக்கு. உங்க காதை மூடிக்கிட்டீங்க, சரி. நாளைக்கு காலையில் இன்டர்னல் எழுதப்போகிற ரூம்மேட் காதை யார் மூடுவது? அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வான். நான்கு வருஷம் ஒரே ரூமில் இருக்கப்போகிறவன். விநாடிக்கு 60 படம் உங்களுக்குப் போதும் என்றால், அவனுக்கு ஆறு மணி நேரத் தூக்கம் கிடைக்கும்.

இன்றைக்கு கேம் திறந்ததும் ப்ளே பட்டனுக்கு முன்னால் செட்டிங்ஸுக்குப் போங்க. ஒரு எண்ணை மாற்றுங்க. பத்து நிமிஷம் ஆடிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றிக் கேளுங்க. சத்தம் குறைந்திருந்தால் பக்கத்து ரூமுக்கும் சொல்லிக்கொடுங்க.